இளவயதுப் புற்றுநோயும் ஊர்க் கணக்கும்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பை பரேலில் உள்ள டாட்டா புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தியும் மராத்தியும் பெயர்த்துச் சொல்லக் கூடப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. மருத்துவர் அல்ல, புள்ளிவிவர அறிக்கைகளைப் பொறுமையாகப் படிக்கப் பழகியவள். தாராவியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

இளவயதுப் புற்றுநோய் என்கிறார்களே, அது எத்தனை வயதுவரை?

ஆய்வுக்கு ஆய்வு மாறும். பெரும்பாலான உலக ஆய்வுகள் 50 வயதுக்குக் கீழே கண்டுபிடிக்கப்பட்டால் இளவயது என்று வைத்துக்கொள்கின்றன. 15 முதல் 39 வரை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆய்வுகளும் உண்டு. இரண்டையும் கலந்து பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். இருபதுகளில் ரத்தப் புற்றுநோய், நிணநீர்க் கட்டிகள், எலும்புப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய் ஆகியவை முன்னால் நிற்கும். நாற்பதுகளில் மார்பகம், கருப்பை வாய், வாய், குடல் ஆகியவை அந்த இடத்துக்கு வந்துவிடும். யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால் எந்த வயதுவரை என்று முதலில் கேளுங்கள்.

நாட்டிலேயே மும்பையில்தான் புற்றுநோய் அதிகம் என்கிறார்களே?

இல்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் (எந்த ஊரில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்று எண்ணுவது) 2020இல் வெளியிட்ட அறிக்கை 2012 முதல் 2016 வரையிலான கணக்கைச் சொல்கிறது. ஆண்களில் முதலிடம் மிசோரமின் ஐஸாலுக்கு: ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 269.4. பெண்களில் அருணாசலப் பிரதேசத்தின் பாபும்பாரே மாவட்டம், 219.8. டெல்லி ஆண்களின் விகிதம் ஏறத்தாழ 147. மும்பை அதற்கும் கீழே, நூறைச் சற்றே தாண்டி நிற்கிறது. கடைசியில் இருப்பது நம் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் (இன்றைய தாராசிவ்), பீட் மாவட்டங்கள். அங்கே ஆண்களுக்கு 40ஐக்கூடத் தொடவில்லை.

இவை எல்லா வயதினரையும் சேர்த்த விகிதங்கள். முப்பது வயதுக்காரரின் விகிதம் எந்த ஊரிலும் இதைவிட வெகுவாகக் குறைவு. ஐஸாலில் ஏன் இவ்வளவு என்றால், பல தலைமுறைப் புகையிலைப் பழக்கம் ஒரு பெரிய காரணம். புகையிலைப் புகையைத் தண்ணீரில் செலுத்தி, அந்த நீரை வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கமே அங்கே உண்டு. புகையில் வாட்டிய இறைச்சியையும் ஆய்வாளர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் அங்கே மேலே இருப்பதற்கு இந்தப் பின்னணி இருக்கிறது.

டாட்டா மருத்துவமனை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் நம்ப முடியவில்லையே? அதிலும் பாதிப் பேர் சின்ன வயசுக்காரர்கள்.

1941இல் திறந்த நாளிலிருந்து அந்த வாசலில் நாடே வந்து நிற்கிறது. ஜெர்பாய் வாடியா சாலை நடைபாதையில் பாய் விரித்திருப்பவர்களிடம் ஊர் கேட்டுப் பாருங்கள். பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம், ஜார்க்கண்ட் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இவர்கள் யாரும் மும்பைக் கணக்கில் சேர்வதில்லை. பதிவேட்டின் எல்லைக்குள் குறைந்தது ஓராண்டு குடியிருந்தவரைத்தான் அந்த ஊர்க்காரராக எண்ணுவார்கள்.

மும்பையின் பதிவேடு 1963இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு அதுதான். பதிவேட்டு ஊழியர்கள் மருத்துவமனை, ஆய்வகம், இறப்புப் பதிவு அலுவலகம் என்று ஒவ்வொரு இடமாகப் போய், ஒரே ஆளை இருமுறை எண்ணாமல் சரிபார்த்துச் சேர்க்கிறார்கள். மருத்துவமனைக் கூட்டம் எங்கே நல்ல வைத்தியம் கிடைக்கிறது என்பதைத்தான் காட்டும். சின்ன வயசுக்காரர்கள் நிறையத் தெரிவதற்கும் காரணம் உண்டு: எழுபது வயதுக்காரரை ஆயிரம் மைல் கூட்டிவரப் பல குடும்பங்கள் முனைவதில்லை. முப்பது வயதுக்காரருக்காக நிலத்தை விற்றாவது ரயில் ஏறிவிடுவார்கள்.

'வயது சரிசெய்த விகிதம்' என்று போட்டிருக்கிறதே, அது என்ன சரிசெய்வது?

புற்றுநோய் வயதோடு ஏறும் நோய். கேரளத்தில் முதியவர்கள் அதிகம், பீகாரில் இளைஞர்கள் அதிகம். அப்படியே நோயாளிகளை எண்ணி மக்கள்தொகையால் வகுத்தால் கேரளம் பயங்கரமாகத் தெரியும். அதனால் இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி வயதுப் பங்கீடு இருந்தால் என்ன விகிதம் வரும் என்று கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள். மேலே சொன்ன எண்கள் அப்படிச் சரிசெய்தவை.

இளவயதினரைப் பற்றித் தெரிய வேண்டுமானால் இந்த ஒற்றை எண் போதாது. அறிக்கையின் உள்ளே ஐந்தைந்து வயதாகப் பிரித்த பட்டியல் இருக்கும். செய்தித்தாள்கள் அதுவரை போவதில்லை.

சரி, சென்னைக்கும் மும்பைக்கும் என்னதான் வித்தியாசம்?

சென்னை ஆண்களிடம் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. மும்பையில் அதற்கு அந்த இடம் இல்லை. மும்பை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் முன்னால் நிற்கிறது. டெல்லிப் பெண்களிடம் பித்தப்பைப் புற்றுநோய் கணிசமாக உண்டு. கங்கைச் சமவெளி முழுவதும் அப்படித்தான், தெற்கே அது அரிது. பெண்களைப் பொறுத்தவரை மூன்று நகரங்களிலும் மார்பகம் முதலிடத்துக்கு வந்துவிட்டது, கருப்பை வாய் இறங்கிக்கொண்டிருக்கிறது.

என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது) போடுகிறான். அந்த வயதில் வாய்ப் புற்றுநோய் வருமா?

இருபத்திரண்டில் வருவது அரிது. முப்பதுகளில் வருவது அரிதல்ல, பதினைந்து பதினாறு வயதில் தொடங்கியவர்களுக்குக் குறிப்பாக. மேலைநாடுகளில் நாக்கு, தொண்டை என்று வருவது இங்கே கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் வருகிறது. பாக்குப் பொட்டலத்தை அடக்கி வைக்கும் இடமும் அதுதான்.

ஊர் வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் வேறில்லை. 2016-17இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் புகையிலை பயன்படுத்துகிறவர்கள் தமிழ்நாட்டில் 20 சதவீதம், மகாராஷ்டிராவில் 26.6, திரிபுராவில் 64.5. மகாராஷ்டிரா 2012இலேயே குட்காவுக்குத் தடை போட்டது. தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் எந்தப் பெட்டிக்கடையிலும் நின்று பாருங்கள்: பான் மசாலா ஒரு சரமாகவும் புகையிலை இன்னொரு சரமாகவும் தொங்கும். இரண்டையும் வாங்கி உள்ளங்கையில் கொட்டிக் கலந்துகொள்கிறார்கள். இதைத் தடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்களும் தப்பவில்லை; வறுத்த புகையிலைத் தூளான மஷேரியால் பல் தேய்க்கும் பழக்கம் மகாராஷ்டிராவில் உண்டு, நம் பெண்கள் சிலரும் அக்கம்பக்கத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

"புகையிலை இல்லை, வெறும் பாக்குத்தான்" என்று அவன் சொன்னால் ஏமாறாதீர்கள். பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. அவனை வாயை அகலத் திறக்கச் சொல்லி, அவனுடைய மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால், காரம் பட்டாலே எரிகிறது என்றால், கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்நாராகத் தட்டுப்படுகிறது என்றால் பல் மருத்துவரிடம் இந்த வாரமே போக வேண்டும். அது இன்னும் புற்றுநோய் அல்ல. அதற்கு முந்தைய கட்டமாக இருக்கலாம்.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், நான் பிறந்தது தாராவி. எனக்கு எந்த ஊர்க் கணக்கு பொருந்தும்?

நான் கேட்டதிலேயே நல்ல கேள்வி இது. ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடிபெயர்ந்தவர்களை வைத்து இதை முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். ஜப்பானில் அதிகமாக இருந்த இரைப்பைப் புற்றுநோய் அவர்களிடம் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கியது; குறைவாக இருந்த குடல், மார்பகப் புற்றுநோய்கள் ஏறின. ரத்தம் அதேதான். சாப்பாடும் வாழ்க்கையும்தான் மாறின.

ஆகவே உங்கள் தாத்தாவுக்குத் தாமிரபரணிக் கணக்கு, உங்கள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மும்பைக் கணக்கு. நடுவில் இருப்பவருக்கு இரண்டும் கலந்தது. இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள ஹெலிகோபாக்டர் கிருமி சிறுவயதில் தொற்றுவது, அதனால் வளர்ந்த இடம் பேசும். வாய்ப் புற்றுநோய்க்கு வாலிபத்தில் யாரோடு சேர்ந்தீர்கள் என்பது பேசும்.

ஒரே ஊருக்குள்ளும் கணக்கு ஒன்றல்ல. மும்பைப் பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகம், கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைவு. புகையிலையால் வரும் புற்றுநோய்களும் அந்தச் சமூகத்தில் குறைவு என்று இந்நகரப் பதிவேடு நெடுநாளாகக் காட்டி வருகிறது. தாமதமான திருமணம், குறைவான பிள்ளைகள், நெருப்பைப் புனிதமாகக் கருதுவதால் புகைபிடிக்காத வழக்கம் என்று காரணங்களை அடுக்கலாம். அதே தாதர், அதே குடிநீர், அதே காற்று.

மேலைநாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்குப் பத்து வயது முன்னதாகவே மார்பகப் புற்றுநோய் வருகிறதாமே?

நோயாளிகளின் சராசரி வயதைப் பார்த்தால் சரி. இங்கே ஐம்பதை ஒட்டியும் அங்கே அறுபதைத் தாண்டியும் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் அறுபது, எழுபது வயதுப் பெண்களே விகிதத்தில் குறைவு. ஆள் குறைந்தால் அந்த வயது நோயாளிகளும் குறைவார்கள், சராசரி தானாகக் கீழே வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் இளைஞர்களே உட்கார்ந்திருந்தால் சாப்பிட்டவர்களின் சராசரி வயது குறையத்தானே செய்யும்?

கேட்க வேண்டிய கேள்வி, நாற்பது வயதுள்ள ஒரு லட்சம் பெண்களில் எத்தனை பேருக்கு வருகிறது என்பதுதான். அப்படிக் கேட்டால் மும்பையின் எண் அமெரிக்காவின் எண்ணைவிடக் கணிசமாகக் குறைவு. அதற்காக நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது: நகரங்களில் அது ஏறிக்கொண்டிருக்கிறது, நம் பெண்கள் கட்டி பெரிதான பிறகே வருகிறார்கள்.

கிராமத்தில் குறைவு என்றால், ஊருக்கே திரும்பிப் போய்விட்டால் நல்லதா?

மகாராஷ்டிராவின் பார்ஷியில் 1987 முதல் கிராமப்புறப் பதிவேடு நடக்கிறது. மும்பையைவிட மொத்த விகிதம் அங்கே குறைவுதான். ஆனால் குறைவது பெரும்பாலும் மார்பகமும் நுரையீரலும். கருப்பை வாய்ப் புற்றுநோய் கிராமத்துப் பெண்களிடம் அதிகம்; திண்டுக்கல் மாவட்டத்திலும் அதே கதை. நோய் வந்தபின் உயிர் பிழைப்போரின் விகிதத்திலும் கிராமம் பின்தங்கியே இருக்கிறது. தவிர, திருநெல்வேலிக்காரருக்குச் சொன்னபடி நீங்கள் உடம்பில் சுமந்து போவது மும்பையின் முப்பது வருடங்களை.

திண்டுக்கல்லைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று செவிலியர்கள் ஒரே ஒரு முறை பார்த்தார்கள். 2007இல் வந்த முடிவு: அந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது, அதிகப் பலன் முப்பதுகளில் இருந்த பெண்களுக்கு. மும்பைக் குடிசைப் பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்தபோது இறப்பு 31 சதவீதம் குறைந்ததாக 2013இல் அறிவித்தார்கள். அந்தச் சோதனையைச் செய்தவர்கள் மருத்துவர்கள்கூட அல்ல, பயிற்சி பெற்ற அடுத்த தெருப் பெண்கள்.

கேரளாவில் இளம்பெண்களுக்குத் தைராய்டு புற்றுநோய் இவ்வளவு ஏன்? அங்கே மண்ணில் ஏதோ இருக்கிறதாமே?

தேடுகிற இடத்தில் கிடைக்கும். தைராய்டில் சிறு கட்டிகள் நிறையப் பேருக்கு உண்டு; பல வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாதவை. தென் கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவலானபோது 1993க்கும் 2011க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் விகிதம் 15 மடங்கு ஏறியது. அதனால் இறப்பவர்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. கேரளத்தில் மருத்துவ வசதி அதிகம், ஸ்கேன் அதிகம். எல்லாவற்றையும் இதன் தலையில் போட முடியாது என்றாலும் மண்ணைக் குறை சொல்வதற்கு முன் ஸ்கேனைப் பார்க்க வேண்டும்.

இதன் மறுபக்கம்தான் எனக்குக் கவலை தருவது. பதிவேடுகள் நாட்டு மக்களில் பத்தில் ஒன்றிரண்டு பங்கினரையே உள்ளடக்குகின்றன. வரைபடத்தில் வெளிறிய நிறத்தில் இருக்கும் பல மாவட்டங்களில் எண்ணவே ஆள் கிடையாது.

'உலகத்தில் இளைஞர்களிடையே புற்றுநோய் 79 சதவீதம் ஏறிவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

2023இல் வந்த ஆய்வு அது, பொய்யல்ல. 1990இல் 50 வயதுக்குட்பட்ட புதிய நோயாளிகள் 18.2 லட்சம், 2019இல் 32.6 லட்சம். ஏறியது தலைகளின் எண்ணிக்கை. அதே காலத்தில் உலக மக்கள்தொகையும் சுமார் 530 கோடியிலிருந்து 770 கோடியானது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கொஞ்சம் ஏற்றம் இருக்கிறது, 79 இருக்காது.

ஐடி வேலை பார்க்கும் இளைஞர்களுக்குக் குடல் புற்றுநோய் கூடுகிறதா?

அமெரிக்கா, இங்கிலாந்து, நியூசிலாந்து, சிலி போன்ற நாடுகளில் உறுதியாகக் கூடுகிறது. அமெரிக்காவில் 2021இல் குடல் பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். உடற்பருமன், உணவு என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் 2025இல் புதிய துப்பு ஒன்று வந்தது: சில குடல் பாக்டீரியாக்கள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சின் தடம், 70 வயதைத் தாண்டி நோய் வந்தவர்களைவிட 40க்குள் வந்தவர்களின் கட்டிகளில் மூன்று மடங்குக்கும் மேல் அதிகமாக இருந்தது.

இந்தியாவின் விகிதம் அந்த நாடுகளைவிட இன்னும் மிகக் குறைவு. ஆனால் நம் பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் குடல் நோயாளிகளில் 40க்குக் கீழ் இருப்பவர்களின் பங்கு அதிகம் (பந்திக் கணக்கு இங்கேயும் ஓரளவு பொருந்தும்). நான் பார்த்த வரையில் வழக்கமான கதை இது: மலத்தில் ரத்தம் போகும், "மூலம்" என்று மாதக்கணக்கில் களிம்பும் லேகியமும் நடக்கும், யாரும் ஆசனவாயில் விரல் வைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை, எடை குறைகிறது, மலம் கழிக்கும் வழக்கமே மாறிவிட்டது என்றால் வயது இருபத்தெட்டு என்பது பதில் ஆகாது.

செம்பூரில் இருக்கிறோம். மாகுல் சுத்திகரிப்பு ஆலைப் புகையால்தான் வருகிறதா?

வெளிக்காற்று மாசு புற்றுநோய்க் காரணி என்று 2013இல் அறிவிக்கப்பட்டுவிட்டது, முக்கியமாக நுரையீரலுக்கு. நுரையீரல் புற்றுநோய் பல பத்தாண்டுகள் சுவாசித்தபின் தலைகாட்டுவது, இருபது முப்பது வயதில் அரிது. ஆஸ்துமாவுக்கும் இதயத்துக்கும் அந்தப் புகை இன்றைக்கே கெடுதல், அதற்காகவே சண்டை போடலாம்.

புற்றுநோய்க்குப் பேர்போன இடங்களில் எண்ணும்போது படம் மாறுவதும் உண்டு. பஞ்சாபின் மால்வா பகுதியிலிருந்து ராஜஸ்தானின் பீகானேருக்கு நோயாளிகளை ஏற்றிப்போகும் "புற்றுநோய் ரயில்" பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பூச்சிமருந்துதான் காரணம் என்பது பொதுப் பேச்சு. அங்கே பதிவேடு வைத்து எண்ணியபோது மால்வாவின் மான்சா, சங்ரூரைவிட நகரமான சண்டிகரிலும் மொகாலியிலும் விகிதம் அதிகமாக இருந்தது. மான்சாக்காரர் ரயில் ஏறியதற்குக் காரணம், பக்கத்தில் கட்டுப்படியாகும் ஆஸ்பத்திரி இல்லாதது.

எங்கள் கட்டடத்தில் மூன்று பேருக்கு வந்துவிட்டது, ஒருவருக்கு முப்பத்தைந்துதான். வீடு மாறலாமா?

மூன்றும் ஒரே உறுப்பிலா? பெரும்பாலும் இல்லை என்பார்கள்: ஒருவருக்கு மார்பகம், ஒருவருக்கு வாய், ஒருவருக்கு ரத்தம். வெவ்வேறு காரணங்களால் வரும் வெவ்வேறு நோய்கள் ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகின்றன. சின்ன எண்கள் சும்மாவே குதிக்கும். ஒரு தாலுகாவில் இந்த ஆண்டு 4, அடுத்த ஆண்டு 8 என்றால் "இரட்டிப்பு" என்று தலைப்பு வரும், அதற்கடுத்த ஆண்டு 5 ஆகும்போது யாரும் எழுத மாட்டார்கள். மூன்றும் ஒரே அரிதான வகை என்றால் மட்டும் மாநகராட்சி சுகாதார அதிகாரிக்கு எழுதுங்கள்.

அப்படியானால் முப்பது வயதுக்கு முன்பே முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

தள்ளுபடி விலைப் பரிசோதனைப் பொட்டலங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அறிகுறி இல்லாத இளைஞருக்கு "டியூமர் மார்க்கர்" (புற்றுநோயின் தடயத்தைத் தேடும்) ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் வீண் பயத்தைத்தான் கொடுக்கும். தைராய்டு கதையை மேலே பார்த்தோம். அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும் 30 வயது முதல் இலவசப் பரிசோதனை உண்டு. பெண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போடுவது எந்தப் பரிசோதனையைவிடவும் மேலானது.

கையால் மார்பகத்தைச் சோதிப்பது பற்றி மும்பையிலேயே சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2021இல் முடிவு வெளியிட்டார்கள். 50ஐத் தாண்டியவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. இளம்பெண்கள் கட்டி தெரிந்தால் ஓட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. கட்டி எதுவும் இல்லாதபோது மாதாமாதம் பயந்துகொண்டே தேடுவதற்குச் சான்று போதாது.

என் அம்மாவுக்கு முப்பத்தெட்டில் மார்பகப் புற்றுநோய். எனக்கு ஊர்க் கணக்கால் என்ன பயன்?

பயன் இல்லை. உங்களுக்குக் குடும்பக் கணக்குதான் முக்கியம். இளவயதில் வருவது, நெருங்கிய உறவில் இருவருக்கு மார்பகமோ சினைப்பையோ பாதிக்கப்படுவது, குடல் புற்றுநோய் தலைமுறைதோறும் வருவது ஆகியவை பரம்பரை மரபணுவைச் சந்தேகிக்க வைப்பவை. மரபணு ஆலோசனை கேளுங்கள். கார்கரில் உள்ள டாட்டா நினைவு மையத்தின் வளாகத்தில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது. சோதனையை முதலில் நோய் வந்தவருக்குச் செய்வதே முறை. உங்களுக்கு எந்த வயதில் எந்தப் பரிசோதனை தொடங்க வேண்டும் என்பதும் அங்கேதான் முடிவாகும், முந்தைய பதிலில் சொன்ன பொதுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

சிகிச்சைக்கு அடையாறு போனால் என் மகள் சென்னைக் கணக்கில் சேர்ந்துவிடுவாளா?

மாட்டாள், விலாசம் சரியாகக் கொடுத்தால். இதில்தான் நம்மவர்கள் சொதப்புகிறார்கள். ரேஷன் கார்டு திருநெல்வேலியில் இருக்கிறது, காப்பீட்டு அட்டையும் அங்கே. அந்த விலாசத்தையே படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். தாராவியில் இருபது வருடம் இருந்தவர் தாளில் பாளையங்கோட்டைக்காரர் ஆகிவிடுகிறார். காப்பீட்டுக்கு எந்த அட்டை தேவையோ அதைக் காட்டுங்கள். பதிவேட்டு ஊழியர் வந்து தனியாக, "கடந்த ஓராண்டாக எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் உண்மையில் குடியிருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். டோம்பிவிலி, கல்யாண் என்றால் அப்படியே சொல்லுங்கள், "மும்பை" என்று சுருக்க வேண்டாம். அவை மும்பைப் பதிவேட்டு எல்லைக்கு வெளியே.